கரைக்கு வாங்க

அன்று முற்பகலில் எண்ணூரில், எங்கள் குப்பத்துக்கு மேற்கே இருந்த தொழிற்சாலையில் வாயு கசிந்தது. கண் எரிந்தது. அபாயச் சங்கு ஊதியதும் ஜனங்கள் மேற்கே ஓடினார்கள். சுனாமிக்குப் பிறகு பழகிய ஓட்டம் அது. சங்கு கேட்டால் கடலை விட்டு ஓட வேண்டும். ஆனால் அதற்குள் கடல்காற்று எழுந்து, வாயுவை மேற்கே தள்ளிக்கொண்டிருந்தது. கரைதான் பத்திரம்.

நான் பகுதி சபை உறுப்பினர். எங்கள் தெரு விஷயத்தை நாங்களே முடிவு செய்யலாம் என்று சொல்லித்தான் அந்தப் பதவியைக் கொடுத்தார்கள். கோயில் மைக் முன்னால் நின்று மாநகராட்சி அதிகாரிக்குப் போன் போட்டேன்.

"கரைக்கு வரச் சொல்லட்டுமா சார்?"

"மேல கேட்டுட்டு சொல்றேன்மா. லைன்லயே இருங்க."

இருந்தேன். நான் சொல்லி யாராவது செத்துப்போனால்? பக்கத்து வீட்டுச் செல்வி என்னை உலுக்கினாள்.

"இன்னாக்கா, போனை வெச்சிகினு நிக்கிற? காத்து திரும்பினது அவனுக்கா தெரியும்? எம் பொண்ணு அந்தாண்ட ஓடிகினு கீது!"

போனைக் கட் பண்ணிவிட்டு மைக்கைப் பிடித்தேன். "அந்தப் பக்கம் போவாதீங்க! எல்லாரும் கரைக்கு வாங்க!"

திரும்பி ஓடி வந்தார்கள். செல்வியின் மகளும் இருமிக்கொண்டே வந்து சேர்ந்தாள். எல்லோரும் மணலில் உட்கார்ந்து வெகுநேரம் கழித்துப் போன் அடித்தது.

"பர்மிஷன் கிடைச்சிடுச்சும்மா. இப்ப சொல்லலாம்."

இன்றும் யாராவது "லைன்லயே இருங்க" என்றால் போனைக் கட் பண்ணிவிடுகிறேன்.