நக்கோவில் நிற்காத கண்

நான் திருநெல்வேலியிலிருந்து ஹைதராபாத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்தவள். கச்சிபௌலியில் எங்கள் ஆய்வகம். தமிழ் வாக்கியத்தைப் படிக்கிறவரின் கண் எந்தச் சொல்லில் தயங்குகிறது, அதே சொல்லில் கணினியும் தடுமாறுகிறதா என்பதுதான் என் கேள்வி. ஒரு சின்னக் கேமரா கண் நகர்வதைப் பதியும். கணினி அடுத்த சொல்லை ஊகித்துக்கொண்டே வரும். இரண்டு வருடம் உழைத்தும் உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் அவள் சேர்ந்தாள். பல தலைமுறையாகச் செகந்திராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். வந்த வாரமே என் வாக்கியங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"இப்படி யாரு அக்கா பேசுறாங்க? எங்க வீட்டுல பேசுற மாதிரி எழுதிப் பாக்கலாமா?"

'எனக்கு டீ நக்கோ, பால் போதும்' என்பது மாதிரி எழுதினாள். தன் சொந்தக்காரர்களையே அழைத்துவந்து படிக்கவைத்தாள். 'வேண்டாம்' என்று பொருள்படும் அந்த ஹைதராபாத் உருது நக்கோவில் அவர்கள் கண் நிற்கவே இல்லை. கணினியோ அங்கேதான் திணறியது. எங்கள் பேராசிரியர் எல்லோரையும் கூப்பிட்டு அவளுடைய வரைபடத்தைக் காட்டினார். நானும் கை தட்டினேன். தமிழில் எம்.ஏ. படித்தவள் நான், வயிறு எரிந்தது.

ஒரு கருத்தரங்குக்கு அவள் இதைக் கட்டுரையாக எழுதினாள். திங்கட்கிழமை அதில் ஒரு பிழையைக் கண்டேன். நக்கோ மாதிரிக் கலப்புச் சொற்கள் எல்லாம் திரையில் வரியின் நடுவில் இருந்தன. மற்ற தமிழ்ச் சொற்கள் வரியின் கடைசியில். வரி முடிகிற இடத்தில் யார் கண்ணும் கொஞ்சம் நிற்கும். அப்படியானால் அவள் கண்டதே பொய்யாக இருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி நாள். அப்படியே அனுப்பட்டும், கட்டுரையை மதிப்பிடும் வெளியார் கிழிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

வியாழக்கிழமை கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "அக்கா, ஒரு தடவை படிச்சிடுங்க. நீங்க பாத்தாதான் எனக்கு தைரியம்."

அதற்கு மேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "எப்ப பாத்தீங்க?"

"திங்கக்கிழமை."

"கைக்கு சொல்லல? ஏன் சொல்லல?"

"பொறாமை," என்றேன்.

டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்பாமல் விட்டுவிட்டாள். சொற்களை இடம் மாற்றி, ஆட்களைத் திரும்ப வரவழைத்தாள். அவள் கேட்காமலே நான் போய்க் கேமரா முன் ஆட்களை உட்காரவைத்தேன். அவளும் தடுக்கவில்லை, வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினாள். இந்த முறையாவது தப்பாகிவிடாதா என்று உள்ளே ஓர் ஆசை எனக்குக் கடைசி நாள் வரை இருந்தது. ஆகவில்லை. முன்பைவிடத் தெளிவாக அதே முடிவுதான் வந்தது.

கட்டுரையில் என் பெயரையும் சேர்த்திருந்தாள். அடுத்து வந்த கருத்தரங்கில் அவள் பேச, நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் கேட்ட கேள்விக்கு அவள் சற்றுத் தயங்கினாள். எனக்குப் பதில் தெரியும். அவளே சமாளித்துச் சொல்லிவிட்டாள். நான் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றுதான் பஸ்ஸில் திரும்பும்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.