புள்ளிக்குப் பிறகு வரும் எண்கள்

எங்கள் எஸ்டேட்டில் பள்ளிக்கூட வேன் நின்றுபோன வருஷத்தில், நான் ஏழாம் வகுப்புக் கணக்கை இரண்டாவது தடவையாகப் படித்தேன். முதல் தடவை படித்தபோது எனக்கு வயது பன்னிரண்டு. இரண்டாவது தடவை நாற்பத்தொன்று.

பிள்ளைகளே, தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. எங்கள் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். பறிக்கிற கொழுந்து லாரியில் வேறொரு ஃபேக்டரிக்குப் போனது. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன; அந்தக் குடும்பங்கள் திருப்பூருக்கு இறங்கிவிட்டன. மிச்சமிருந்த நாலைந்து பிள்ளைகளுக்காக வேன் ஓட்ட முடியாது என்று எஸ்டேட்டில் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடம் குன்னூரில், பதினொரு கிலோமீட்டர். முதல் பஸ் எங்கள் வளைவுக்கு வரும்போது பத்தரை ஆகிவிடும். என் மகள் அப்போதுதான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தாள்.

என் தங்கை அடுத்த வருஷம் குன்னூருக்குக் குடிவருவதாக இருந்தது. அதன்பிறகு மகள் அவள் வீட்டில் தங்கிப் படிக்கலாம். நடுவில் உள்ள ஒரு வருஷத்தை என்ன செய்வது? மகளைக் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தேன்.

"வருஷம் பூரா ஊட்லயே வெச்சுப் படிக்க வெப்பீங்களா?" என்று கேட்டார்.

"மத்த பாடமெல்லாம் அவளே படிச்சுக்குவாளுங்க டீச்சர். கணக்குத்தானுங்க ரோசனையா இருக்குது."

"அப்ப கணக்குலயே பாத்துடலாம். அடுத்த வருசம் ஜூன்ல கூட்டிட்டு வாங்க. பத்துக் கேள்வி குடுப்பேன். எட்டுச் சரியாப் போட்டா எட்டாவதுல உக்காரட்டும். இல்லீன்னா ஏழாவதுதான்."

திரும்பும் வழியில் மகள், லைன் வீடு தெரிகிற இடத்துக்கு வந்ததும், "எங்கூடப் படிச்சவளுக எல்லாம் எட்டாவதுல இருப்பாளுக. நான் மட்டும் பொடுசுக கூட உக்காரோணுமாங்கப்பா?" என்றாள். வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கலாம் என்றால், நான் எட்டாவதோடு நின்றவன். கொழுந்து நிறுக்கிற வேலைக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

வழி சொன்னவர் கொழுந்து லாரி டிரைவர். அவருடைய மகள் போனிலேயே கணக்குப் பாடம் பார்க்கிறாளாம்.

"காசு கேக்க மாட்டாங்களா?" என்றேன்.

"ஒண்ணும் கேக்க மாட்டாங்க. யாரோ ஒருத்தர் சொல்லிக் குடுத்து அதுல போட்டு வெச்சிருக்கறாரு. நீங்க பாட்டுக்குப் பாக்கலாம்."

யாரோ ஒருவர், முகம் தெரியாதவர்களுக்காக, எதற்குச் சொல்லிக் கொடுக்கிறார்? அன்றைக்கு முழுக்க எனக்கு அதே யோசனை.

வீட்டுக்குள் சிக்னல் வராது. பூட்டிக் கிடந்த கிரீச்சின் வாசற்படியில்தான் எதிர் மலை டவர் நேராகத் தெரியும். அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. இப்போது விட்டுப்போக யாரும் இல்லை. வேலை இல்லாத நாட்களில் நானும் மகளும் அந்தப் படியில் உட்காருவோம். அவள் மடியில் நோட்டு. என் ஒரு கையில் போன், இன்னொரு கையில் குடை.

அந்த வாத்தியாரின் முகம் கடைசிவரை தெரியவே இல்லை. வெள்ளைக் காகிதம், அதன்மேல் ஒரு கை, ஒரு நீலப் பேனா, தெற்குச் சீமைப் பேச்சு. அவ்வளவுதான். பின்னத்தைச் சொல்லிக் கொடுக்கும்போது பின்னால் எங்கேயோ குக்கர் விசில் அடிக்கும். அவர் நிறுத்தமாட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது இன்னொன்று. பத்துத் தடவை திருப்பிக் கேட்டாலும் முதல் தடவை சொன்ன அதே குரலில் சொல்வார். எனக்குப் பாடம் எடுத்த வாத்தியார்கள் இரண்டாவது தடவையிலேயே பிரம்பை எடுத்துவிடுவார்கள். பனி இறங்கினால் படம் நின்றுவிடும். கை பாதி எழுத்தில் உறைந்து நிற்கும். மகள் அதற்குள் அடுத்த எண் என்ன என்று கண்டுபிடித்து வைத்திருப்பாள். பனிக்கும் சிக்னலுக்கும் சம்பந்தம் உண்டா என்று நாங்கள் இருவரும் ஒரு மாதம் சண்டை போட்டோம். முடிவு தெரியவில்லை.

போன் பிடிக்கத்தான் உட்கார்ந்தேன். பிறகு நானும் ஒரு பழைய நோட்டில் போட ஆரம்பித்தேன். விடையைச் சரிபார்ப்பது என் வேலை.

மார்கழியில் தசமம் வந்தது. முப்பத்தொன்று புள்ளி இரண்டை நாலால் வகுக்கச் சொன்னார். நான் ஏழு என்று எழுதினேன். மகளும் ஏழு என்றாள். அந்தக் கை ஏழு புள்ளி எட்டு என்று எழுதியது. அடுத்த கணக்கிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். மூன்று நாள் இப்படிப் போனது.

"இவருக்கு வீம்பு. சும்மா இழுத்துட்டே போறாரு," என்றேன்.

மகள் முதல் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். பிறகு என் நோட்டைப் பார்த்தாள்.

"அப்பா, அவரு இழுக்கலீங்க. நீங்கதான் புள்ளி வந்ததும் நிறுத்திப் போடறீங்க. உங்களப் பாத்து நானும் நிறுத்திட்டேன்."

"புள்ளிக்குப் பொறவு வர்றத எழுதக் கூடாது கண்ணு."

"யாரு சொன்னாங்க?"

வாயைத் திறந்தேன். யாரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இருபது வருஷமாக நிறுவைக் கொட்டகையில் நாங்கள் அப்படித்தான் எழுதினோம். தராசு பதினெட்டு புள்ளி ஏழு காட்டினால் புத்தகத்தில் பதினெட்டு; கூலியும் பதினெட்டுக்குத்தான். எனக்கு முன்னால் எடை போட்டவர் அப்படி எழுதினார், நானும் எழுதினேன். புள்ளிக்குப் பின்னால் இருப்பது எண்ணே இல்லை என்று என் கை முடிவு செய்துவிட்டது.

என் மனைவி கொழுந்து பறிப்பவள். மகள் அன்று அவளிடம் சொல்ல, "ஏனுங்க, இத்தன வருசமா எங்க கொழுந்தத் தின்னது நீங்கதானுங்களா? அதான் தொப்பை வந்திருக்குது," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மறுநாள் வேலை இருந்தது. காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று நிறுவை. மனைவியின் எடையை மட்டும் புள்ளியோடு உள்ளங்கையில் எழுதி வந்தேன். பதினான்கு புள்ளி ஆறு, பத்தொன்பது புள்ளி எட்டு, பதினொன்று புள்ளி ஏழு. மகள் கூட்டினாள். நாற்பத்தாறு புள்ளி ஒன்று. புத்தகத்தில் நாற்பத்து நாலு.

"ரெண்டு கிலோவுக்கு மேல எங்கீங்கப்பா போச்சு?"

"சாக்குக்குக் கழிக்கறதுடா அது."

"சாக்குக்குத்தான் முன்னாடியே ஒரு கிலோ கழிச்சுப் போடறீங்களே."

ஆமாம், கழிக்கிறோம். எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. ஃபேக்டரியில் லாரியை எடை போட்டால், எங்கள் புத்தகத்தைவிட எப்போதும் எடை கூடத்தான் வரும். போகிற வழியில் பனி ஏறிக் கனக்கிறது என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். வெயில் காலத்திலும் கூடத்தான் வந்தது. வெயிலில் ஏது பனி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எஸ்டேட் ஆபீசரிடம் கேட்டேன். புத்தகத்தில் புள்ளி எழுத இடமில்லை என்றார். அது உண்மைதான், கட்டம் சின்னது. அன்றிலிருந்து நிறுக்கும்போது புள்ளியையும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னேன். பெண்கள் முதலில் கேலி செய்தார்கள். பிறகு அவரவர் புள்ளியை அவரவரே கேட்டு வைத்துக்கொண்டார்கள். என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

மகள் அதற்குப் பிறகு ஒரு புள்ளியையும் விடவில்லை. ஜூன் வந்தது; தங்கையும் குன்னூருக்குக் குடிவந்துவிட்டாள்.

தலைமையாசிரியை பத்துக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஒரு மணி நேரம். நான் வராந்தாவில் நின்றேன். ஜன்னல் வழியாக அவளுடைய தலை மட்டும் தெரிந்தது. முக்கால் மணி நேரம் மளமளவென்று எழுதினாள். பிறகு ஒரே கணக்கில் நின்றுவிட்டாள். எழுதினாள், எழுதினாள், இன்னொரு தாள் கேட்டு வாங்கினாள்.

நேரம் முடிந்ததும் தலைமையாசிரியை என்னை உள்ளே கூப்பிட்டார். பத்து மீட்டர் துணியை மூன்று பேருக்குச் சமமாகப் பிரிக்கும் கணக்கு. மூன்று புள்ளி மூன்று மூன்று மூன்று என்று ஒரு பக்கம் முழுக்க மூன்றாகவே இருந்தது. அடுத்த தாளிலும் பாதி.

"எப்ப நிறுத்தலாம்னு இருந்தே?" என்று அவளைக் கேட்டார்.

"முடியறப்ப நிறுத்தலாம்னு இருந்தேனுங்க டீச்சர்."

"அது முடியாதும்மா."

"அப்ப மிச்சம் யாருக்குங்க போகும்?"

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கடைசி இரண்டு கேள்விகளை அவள் தொடவே இல்லை. மற்றவற்றைத் திருத்தினார். ஏழு சரி. துணிக் கணக்கின் மேல் சிவப்புப் பேனா நின்றது. என் மகள் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், நானும்தான்.

"தப்புன்னு போட முடியல," என்றார். சரி என்று ஒரு கோடு இழுத்தார். "எட்டாவது, பி செக்சன். இந்தத் தாள எடுத்துட்டுப் போ. கணக்கு டீச்சர்கிட்டக் காட்டி, மிச்சம் எங்க போகும்னு அவங்களையே கேளு."

அவள் தாளை மடிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் என்று கூடக் கேட்காமல், மாடிப்படி ஏறி ஓடினாள்.