நடு ஏரியில் நின்ற எஞ்சின்

எலவனாசூர்கோட்டைப் பக்கம் பழைய பம்புசெட் வாங்கப் போகிறவர்கள் முதலில் அமிர்தத்தைத்தான் தேடுவார்கள். சேலம் ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு, பழைய மோட்டார்களையும் டீசல் எஞ்சின்களையும் வாங்கி, பழுது பார்த்து விற்பவள் அவள். வயது நாற்பத்தேழு. கல்யாணத்துக்கு முன்பு உளுந்தூர்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் ஆறு வருஷம் வேலை செய்திருக்கிறாள். கம்பி சுற்றிய கை அது. ஆனால் ஊர் நம்பியது அவள் காதைத்தான்.

எஞ்சினை ஓடவிட்டுப் பக்கத்தில் குந்திக்கொள்வாள். கண்ணை மூடிக்கொள்வாள். சத்தம் கொஞ்ச நேரத்தில் அவளை எங்கேயோ கூட்டிக்கொண்டு போய்விடும். பேரிங் தேய்ந்திருந்தால் காய்ந்த எள்ளுச்செடியை யாரோ தூக்கி உதறுவது போல இருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் எங்கோ தூரத்தில் மழை பெய்துகொண்டே இருக்கும். கண்ணைத் திறக்கும்போது விலை தெரிந்திருக்கும். "தூங்கிட்டியா இன்னா?" என்று அவள் வீட்டுக்காரர் தங்கதுரை கேலி செய்வார். அவருக்கு இரண்டு ஏக்கர் கரும்பு. அதற்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரும் அவள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியதுதான்.

போன தை மாதம் ஆல்பின் அவளைத் தேடி வந்தார். இருபத்தாறு வருஷம் கப்பலில் சமையல்காரராக இருந்து ஊர் திரும்பிய மனிதர். ஓய்வு பெற்றதும் புதுச்சேரியில் ஒரு வெளிநாட்டுக்காரரிடம் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினார். அடுப்பங்கரை ஜன்னல் வழியாகவே கடலைப் பார்த்தவருக்கு, மேலே உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. இப்போது அந்தப் படகை டிரெய்லரில் ஏற்றி, சொந்தக் கரும்புக் கொல்லைக்கே கொண்டுவந்துவிட்டார். படகோடு வந்த, பின்பலகையில் மாட்டி ஓட்டும் இரண்டு அவுட்போர்டு எஞ்சின்களை விற்க வேண்டும். அதற்கு விலை சொல்ல ஆள் வேண்டும்.

"கடல் எஞ்சின் நான் பாத்ததே இல்லீங்கண்ணே" என்றாள் அமிர்தம்.

"நானும் பாத்தவங்களத் தேடல. பொய் சொல்லாதவங்களத்தான் தேடிக்கினு இருக்கேன்."

அவருடைய கொல்லைக்குப் போனபோது காலைப் பனி இன்னும் விலகவில்லை. முதலில் கரும்புத் தோகைதான் தெரிந்தது. பிறகு தோகைக்கு மேலே வெள்ளையாக ஒரு முதுகு. படகு வயலுக்கு நடுவே, மரக்கட்டைகளின் மேல் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது. சுற்றிலும் பனி நகர்ந்துகொண்டிருந்ததால் படகே மெல்லப் போவது போல இருந்தது. அமிர்தம் வரப்பிலேயே நின்றுவிட்டாள். வந்த வேலை அவளுக்குச் சற்று நேரம் மறந்துபோனது.

எஞ்சின்கள் போர்வெல் கொட்டகையில் இருந்தன. ஒன்று சின்னது, இரண்டரை குதிரைசக்தி. கரைக்கும் படகுக்கும் போய்வரும் குட்டித் தோணிக்கானது. துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். இன்னொன்று பத்து குதிரைசக்தி. பெயிண்ட் உரிந்து, தண்டு நீளமாக, மூலையில் சாய்ந்து கிடந்தது.

"சின்னது தங்கம்" என்றார் ஆல்பின். "பெருசு துரோகி. அத இரும்பு வெலைக்குப் போட்டுக்கோ."

அவர் மனைவி பாத்திமா டீ கொண்டுவந்து வைத்தாள். பெரிய எஞ்சின் இருந்த மூலையை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. என்ன நடந்தது என்று அமிர்தம் கேட்டதற்கு அவள்தான் சொன்னாள். நான்கு வருஷத்துக்கு முன் ஒருநாள் காலை ஆறு மணிக்கு இருவரும் புதுச்சேரியிலிருந்து படகில் கிளம்பினார்கள். அவள் படகில் ஏறியது அதுதான் முதல் தடவை. கரை கண்ணுக்கு மறைந்ததும் காற்று விழுந்துவிட்டது. பாய் துவண்டு தொங்கியது. எஞ்சினைப் போட்டார், பத்து நிமிஷம் ஓடி நின்றது. அதன் பிறகு உள்ளங்கைத் தோல் உரியும்வரை கயிற்றை இழுத்தும் ஒழுங்காக ஓடவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடலூர் மீனவர்கள் பார்த்துக் கட்டி இழுத்து வந்தார்கள்.

"கெளம்புனதுலேர்ந்து பதினோரு மணி நேரம் ஜெபமால உருட்டிக்கினே இருந்தேன்" என்றாள் பாத்திமா. "அதோட சரி. நான் ஏறல. என்ன வுட்டுட்டு அவரும் ஏறல."

அமிர்தம் சின்ன எஞ்சினில் தொடங்கினாள். நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி அதில் மாட்டி ஓடவிட்டாள். முதல் இழுப்பிலேயே ஓடியது. ஆனால் பக்கத்துத் துளையிலிருந்து பீய்ச்ச வேண்டிய தண்ணீர் வரவில்லை, தலை சூடேறியது. அணைத்துவிட்டு கியர் ஆயிலைச் சொட்டவிட்டாள். மோர் மாதிரி வெள்ளையாக வந்தது.

"பாக்கத்தான் அழகு. உள்ள உப்பு அடைச்சிக்கினு கெடக்கு. சீலும் போயி ஆயில்ல தண்ணி எறங்கிடுச்சி. உதிரி பாகத்துக்குத்தான் போவும்ணே."

ஆல்பின் முகம் வாடியது.

பெரியதன் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் விரலை வைத்து மூடிக் கயிற்றை இழுத்தாள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வந்தது, அழுத்தம் குறையவில்லை. கியர் ஆயில் தேன் நிறத்தில் இருந்தது. டாங்கியில் கிடந்த நான்கு வருஷப் பெட்ரோலைக் கொட்டி, கார்பரேட்டரைக் கழுவி, புதிதாக ஊற்றி, அதே டிரம்மில் மாட்டி ஓடவிட்டாள். வழக்கம்போலக் கண்ணை மூடினாள். தூரத்து மழைச் சத்தம். துளிப் பிசிறு இல்லை. அந்த மழைக்குள் அவள் நன்றாகப் போய்விட்ட நேரத்தில் எஞ்சின் இருமி, நின்றுவிட்டது.

டாங்கி மூடியைத் திறந்து பார்த்தாள். பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டு இழுத்தாள். ஓடியது. பத்து நிமிஷத்தில் மறுபடி நின்றது.

"நான்தான் சொன்னேனே, இரும்பு வெலைக்கே எடுத்துக்கோ" என்றார் ஆல்பின்.

எடுத்துக்கொண்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் காது ஒன்று சொல்லி, எஞ்சின் வேறு செய்தால் அவளுக்குச் சோறு இறங்காது. "தண்ணியில ஓட்டிப் பாக்காம நான் வெல சொல்ல மாட்டேங்க" என்றாள்.

பக்கத்து ஏரி மழையில் நிரம்பிக் கிடந்தது. அதில் மீன் குத்தகை எடுத்திருந்த அய்யப்பனிடம் ஒரு பைபர் படகு இருந்தது. அதன் பின்பலகை தாழ்வு, எஞ்சின் தண்டோ நீளம். அதனால் அமிர்தம் ஒரு வேப்பங்கட்டையை வைத்து உயர்த்தி எஞ்சினை மாட்டினாள். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். பாத்திமா கரையில் பனைமரத்தடியில் நின்றுகொண்டாள். மற்ற மூவரும் ஏறினார்கள். கைப்பிடியை அமிர்தமே பிடித்தாள்.

எஞ்சின் பிடித்ததும் கரை நகர்ந்தது. அவளுக்கு அப்படித்தான் தோன்றியது, கரைதான் நகர்கிறது என்று. அவள் வாழ்க்கையில் பார்த்த மோட்டார்கள் எல்லாம் சிமெண்ட் மேடையில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டவை. அவை நிற்கும், தண்ணீர் ஓடும். இங்கே தண்ணீர் அது பாட்டுக்கு இருந்தது. மோட்டார் போய்க்கொண்டிருந்தது, அவளையும் தூக்கிக்கொண்டு. கைப்பிடியை ஒரு விரல் அளவு திருப்பினால் மேற்கே நீலமாகத் தெரிந்த கல்வராயன் மலையே பக்கவாட்டில் நகர்ந்தது. கொக்குகள் எழுந்து, வட்டமடித்து, பின்னால் இறங்கின. கண்ணை மூடாமலே அவளுக்கு அந்தத் தூரத்து மழை கேட்டது.

"எம்மா, வலை கட்டியிருக்கேன், அந்தாண்ட போ" என்று அய்யப்பன் கத்தியபோதுதான் நினைவு திரும்பியது.

நடு ஏரிக்கு வந்தபோது எஞ்சின் இருமியது. நின்றது.

அவ்வளவு அமைதியை அமிர்தம் கேட்டதில்லை. படகு தானாகக் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போய், பிறகு அதுவும் நின்றது. வானம் மேலேயும் இருந்தது, கீழேயும் இருந்தது. ஆல்பின் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"இதே மாதிரிதான்" என்றார். "இதே சத்தம். இதே மாதிரி அமைதி."

அமிர்தம் டாங்கியிலிருந்து வரும் குழாயில் இருந்த ரப்பர் குமிழைத் தொட்டாள். உறிஞ்சிய பழத்தோல் போல ஒட்டிக் கிடந்தது. டாங்கி மூடியைத் திருகினாள். கொட்டகையில் காதில் விழாத சத்தம் அந்த அமைதியில் விழுந்தது. உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. கையில் இருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தாள். நடுவில் மிளகளவு ஒரு திருகு, இறுக மூடியிருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று போக வேண்டிய வழி அதுதான். அது அடைத்திருந்ததால் பத்து நிமிஷத்துக்கு மேல் எஞ்சினுக்குப் பெட்ரோல் கிடைக்கவில்லை.

திருகைத் தளர்த்தினாள். மூடியைப் போட்டாள். கயிற்றை இழுத்தாள். அதன் பிறகு அரைமணி நேரம் ஏரியைச் சுற்றி வந்தார்கள். எஞ்சின் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

கரை ஏறும்வரை அமிர்தம் யோசித்துக்கொண்டே வந்தாள். எஞ்சின் நல்லது என்றால், தப்பு இவருடையது என்று ஆகிவிடும். நான்கு வருஷமாக ஒரு மனிதர் அந்த எஞ்சினைத் திட்டிக்கொண்டிருக்கிறார். கடைசியில் மூடியை அவர் உள்ளங்கையில் வைத்து, உள்ளதைச் சொன்னாள். "எஞ்சின் மேல குத்தம் இல்லீங்கண்ணே. இது மூடியிருந்துச்சி, அவ்ளோதான். இரும்பு வெல இல்ல, எம்பதாயிரம் தாராளமாப் போவும்."

ஆல்பின் அந்தத் திருகையே பார்த்தார். "நான் இதத் தொட்டதே இல்லியே."

பாத்திமா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். "இதுவா?" என்றாள். அவள் குரல் மாறிவிட்டது. "இத நான்தாங்க மூடுனேன். அன்னிக்கு பெட்ரோல் வாடை கொமட்டிக்கினு வந்துச்சி. ஒழுகுதாக்கும்னு நெனச்சி இறுக்கி வுட்டேன்."

ஆல்பின் தண்ணீருக்குப் போய் முகத்தைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்தபோது தோள் குலுங்கியது. அழுகிறார் என்று அமிர்தம் பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"பதினோரு மணி நேரம் மாதாவக் கூப்புட்டியே, ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்கு இன்னா தெரியும், அது மூச்சு வுடுற ஓட்டைன்னு!" என்று அவளும் சிரிக்கத் தொடங்கினாள்; சிரிப்பிலேயே கண் கலங்கியது.

"ஏறுறியா? ஒரே ஒரு சுத்து?"

பாத்திமா ஏரியைப் பார்த்தாள், படகைப் பார்த்தாள். "நீங்க ஓட்ட வேணாம். இந்தம்மா ஓட்டட்டும்" என்று புடவையைச் செருகிக்கொண்டாள்.

அந்தச் சுற்றில் பாத்திமா ஒரு கையால் கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைத் தண்ணீரில் விட்டிருந்தாள். வெயில் சாய்ந்து ஏரி பழுத்த மாம்பழ நிறமாகிவிட்டிருந்தது.

எஞ்சினைத் தானே வாங்கிக்கொள்வதாக அய்யப்பன் சொன்னான். அமிர்தம் வேண்டாம் என்றாள். "தண்டு நீளம். ஏரி வத்துனா சேத்துல மாட்டிக்கும். அப்புறம் என்னத்தான் திட்டுவ." ஆல்பினுக்கும் அதை வைத்துக்கொள்ள விருப்பமில்லை. கெட்ட எஞ்சின் என்ற பெயரோடு அது போகாமல் இருந்தால் போதும் என்றார். படகு கொல்லையிலேயே இருக்கட்டும்; சாயங்காலத்தில் இருவரும் ஏறி உட்கார்ந்து டீ குடிக்கலாம்.

மாசியில் கடலூர்ப் பக்கத்து மீனவர் அன்புச்செல்வன் வாங்க முன்வந்தார். அமிர்தம் எஞ்சினைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு தானே போனாள். முகத்துவாரத்தில் படகில் மாட்டி, காற்றுத் திருகைக் காட்டி, உப்புத் தண்ணீரில் ஓட்டினால் ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லி, சின்ன எஞ்சினுக்கு நேர்ந்த கதையையும் சொன்னாள். அவர் விலையில் இரண்டாயிரம் குறைத்துக் கேட்டார், ஒத்துக்கொண்டாள்.

அன்புச்செல்வன் அங்கேயே படகை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போனார். நிறைய படகுகள் போய்க்கொண்டிருந்தன. அவள் கரைக் கல்லில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் அந்த ஒரு எஞ்சின் தனியாகக் கேட்டது. பிறகு அது மெலிந்து, அலையோடு கலந்து, எது எஞ்சின் எது அலை என்று பிரிக்க முடியாமல் போனது. வண்டிக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். அவள் எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, கருவாடு வாங்கப் போனாள்.