கொம்பு உதிர்ந்த மானுக்கு நான் சொன்ன தீர்ப்பு

என் எழுத்துகள் பட்டி திறந்த ஆடுகள் போல ஆளுக்கொரு பக்கம் ஓடும். அறுபத்தொன்பது வயதில் எழுதப் படிக்கக் கற்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் நான் எழுதுவதை மருமகள் இங்கே தட்டிப் போடுகிறாள்.

நாற்பது வருடம் அய்யலூர்ச் சந்தையில் கிடா வாங்கி விற்றவன் நான். மான்களில் எது பெரிய கிடா என்று பார்க்கும் ஆசையில், போன செவ்வாய்க்கிழமை ரெட்டியார்சத்திரம் பக்கத்து மான் பண்ணைக்குப் போனேன். திண்டுக்கல்லில் காலை 8.10க்குப் பஸ். பலகையை நானே படித்து ஏறினேன்! பதின்மூன்று கிலோமீட்டர், பதினைந்து ரூபாய். இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடை. நுழைவுச்சீட்டு இருபது ரூபாய்.

உள்ளே ஐந்து ஆண் புள்ளிமான்கள். கழுத்துத் தடித்த கொம்பன் ஒன்று தீவனத் தொட்டியில் முதலில் வாய் வைத்தது. மற்றவை காத்து நின்றன. வேலியோரம் கொம்பில்லாத ஒன்று ஒதுங்கி நின்றது. அதன் தலையில் இரண்டு குமிழ்கள் மட்டுமே.

ஆண்களுக்குள் சண்டை அதிகம் என்று ஐந்தில் ஒன்றை மறுநாள் காயடிப்பதாக இருந்தது. நான் ஆட்டுக்காரன் என்று அறிந்த பண்ணை மேலாளர், எதைக் காயடிக்கலாம் என்று கேட்டார். கிடாவைப் பின்னால் நின்று மதிப்பிடுவது எங்கள் தொழில் வழக்கம். குமிழ்த்தலையனின் விதை சுருங்கியிருந்தது.

"இது முடிஞ்ச சரக்கு. இத அடிச்சிருங்க" என்றேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

தீவனம் வைக்கும் செல்வத்துக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏன் அப்பு, ஆட்டுக் கண்ண வச்சு மானப் பாக்கலாமா? போன மாசம்வர இவந்தான் இங்க ராசா. கொம்பு விழுந்தா அதுவும் சுருங்கிரும், மவுசும் போயிரும். புதுக் கொம்பு முத்துனா அம்புட்டும் திரும்ப வரும். இப்பக் காயடிச்சா கொம்பு முத்தவே முத்தாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆட்டுக்கு விழுந்து முளைக்கிற கொம்பு ஏது? மேலாளரிடம் பேனா வாங்கி, அவர் எழுதியதை அடித்து, கீழே எழுதினேன்: "நான் சொன்னது தப்பு. கொம்பு முத்தும்வரை பொறுக்கவும்." மேலாளர் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார். அவரும் செல்வம் சொன்னதே சரி என்றார். அந்த மான் தப்பியது.

"காயடிக்கச் சொல்ல ஒரு நிமிசம், வேணாம்னு எழுதப் பத்து நிமிசமா?" என்று செல்வம் சிரித்தார்.

போகிறவர்கள் ஒன்பதரைக்குள், தீவன நேரத்தில் போங்கள். யார் பெரியவன் என்பது அப்போதுதான் தெரியும். ஆனால் அது அன்றைய கணக்கு மட்டுமே. அடுத்த செவ்வாயும் போகிறேன். குமிழ் எத்தனை விரல் வளர்ந்தது என்று பார்த்து, மெதுவாக எழுதிவிடுவேன்.