அட்டையின் பின்பக்கம்

ஸ்டோர்ஸ் வேலை என்பது, தொலைத்தவன் பீடி பிடித்துக்கொண்டு நிற்க, தொலைக்காதவன் குனிந்து தேடுகிற வேலை. "எப்போது கொடுப்பாய்?" என்று எவனும் கேட்டதில்லை. "இன்னுமா கொடுக்கவில்லை?" என்றுதான் ஆரம்பிப்பான். பட்டியல் கேட்டே உயிரை வாங்குகிற அதிகாரி உங்களுக்கும் ஒருவர் வாய்த்திருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

நான் ஏழுமலை. மண்ணூர்க்காரன். எட்டாவது ஃபெயில். தொண்ணூற்றொன்றில் ஒரகடம் ரோட்டில், லாரிக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் என் பொறுப்பு. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை உண்டு. முன்பக்கம் வந்தது, போனது, மிச்சம். பின்பக்கம் காலி. சீட்டு எழுதாமல் சாமானை எடுத்துப் போனவன் யார், எத்தனை எடுத்தான், கேட்டதற்கு என்ன பேசினான் என்று அங்கே நான் எழுதி வைப்பேன். கோபத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால் சோறு இறங்காது. அதனால் அட்டையிலேயே இறக்கிவிடுவேன்.

அரை மணி நேரம்

உதவி மேனேஜர் ரங்கராஜன் ஒருநாள் மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஏழுமல, ஆறு மாசமா யாரும் தொடாத சாமான் லிஸ்ட் வேணும். அரை மணி நேரத்துல. எம்.டி. கேக்கறாரு." எல்லா டிராயரையும் தரையில் கொட்டி, ஒவ்வோர் அட்டையாகப் பார்த்து, கார்பன் வைத்து எழுதினேன். கேன்டீனில் சாம்பார் சாதம் தீர்ந்து, பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அன்றைக்கு எனக்கு மதியச் சாப்பாடு இரண்டு வாழைப்பழம்.

லிஸ்டைக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நாலாக மடித்தார். குனிந்தார். ஆடிக்கொண்டிருந்த மேஜையின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினார். மேஜை ஆடவில்லை. என் மதியச் சோறு அதற்கு முட்டுக்கொடுத்திருந்தது. "எம்.டி.க்கு சார்?" என்றேன்.

"அவரு நேத்தே பெங்களூர் போய்ட்டாருப்பா. நீ இவ்ளோ சீக்கிரம் குடுப்பேன்னு யாரு கண்டா?"

செருப்பு

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. என் ஸ்டோர்ஸில் பாதியை மறித்து, கண்ணாடி அறை கட்டி, ஏ.சி. வைத்து, சாமி சிலை மாதிரி அதை உள்ளே உட்கார வைத்தார்கள். ரங்கராஜன் என்னைக் கூப்பிட்டார். "எல்லா அட்டையும் இதுக்குள்ள போனதும் உனக்கு இங்க வேலை இல்ல. ஸ்கிராப் யார்டுக்குப் போயிடு." ஸ்கிராப் யார்டு என்றால் கம்பெனியின் பின்கோடியில் ஒரு தகரக் கொட்டகை. ஃபேன் கிடையாது. இரும்புச் சீவல், துரு, ஒரு சொறிநாய். அதற்கு முன் அங்கே போன ஆள் ஆறு மாதத்தில் நாயோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

தூசு போகக்கூடாது என்று அந்த அறைக்குள் செருப்புக்குத் தடை. நான் வாசலில் கழற்றிவிட்டுப் போனால், உள்ளே மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் தணிகாசலம் கிரீஸ் பூட்ஸோடு ஏ.சி. காற்றில் கண்ணை மூடி நிற்கிறான். அவன் போன பிறகு வெளியே வந்து பார்த்தால் என் செருப்பில் ஒன்று இல்லை. மற்றது குப்புறக் கிடக்கிறது. அவனைத்தான் கேட்டேன்.

"நானு பூட்ஸ் போட்டுகினு கீறேன், உன் செருப்பு எனுக்கு இன்னாத்துக்கு? கம்ப்யூட்டருக்குத்தான் தூசு ஆவாது நைனா, உனுக்குப் பழக்கந்தானே, நட!"

முனுசாமி ரிங்

அட்டைகளைக் கம்ப்யூட்டரில் அடிக்க வாலாஜாபாத்திலிருந்து ஸ்டெல்லா என்ற பெண் வந்தாள். கம்ப்யூட்டர் படித்தவள். நல்ல பெண். என்னை அனுப்ப வந்தவள் என்பதால் முதல் வாரம் நான் அவளோடு பேசவில்லை. அவளாகவே வந்து கேட்டாள்: "அண்ணே, இந்த நாலு அட்டையும் ஒரே சாமான்தானே?" ஒரே இரும்பு வளையம்தான். அசெம்ப்ளியில் அது வாஷர். மெயின்டனன்ஸில் பட்டை வளையம். பெயின்ட் ஷாப்பில் பெரிய ரிங். பிரஸ் ஷாப்பில், எப்போதோ முதலில் கேட்டு வாங்கியவர் பெயரால், முனுசாமி ரிங். முனுசாமி ரிட்டையர் ஆகிவிட்டார், ரிங் ஆகவில்லை.

நாலும் நாலு பொருளாகவே கம்ப்யூட்டருக்குள் போனது. ஒருநாள் அதில் முனுசாமி ரிங் மட்டும் பூஜ்யம் என்று காட்டியது. அவசரம் அவசரமாக மெட்ராஸிலிருந்து லாரி வைத்து நாலு மூட்டை இறக்கினார்கள். பக்கத்திலேயே அதே வளையம் மூன்று பெட்டி நிறைய இருக்கிறது. ஒரே பெயராக்கலாம் என்று நானும் ஸ்டெல்லாவும் ஒவ்வொரு ஷாப்பாக நடந்தோம். எவனும் தன் பெயரை விடவில்லை. கடைசியாகப் பிரஸ் ஷாப் ஃபிட்டர் சுடலையிடம் போனோம். திருநெல்வேலிக்காரர். வெற்றிலையை ஓரம் ஒதுக்கிவிட்டுச் சொன்னார்.

"எந்தப் பேரச் சொன்னாலும் சாமான் வருதுல்லா? பொறவு எதுக்கு வே இந்த வெயில்ல அலையுதீரு?"

வெல்டிங்

தணிகாசலத்தின் வெல்டிங் மிஷினும் கம்ப்யூட்டரும் ஒரே லைன். அவன் பற்ற வைத்தால் இங்கே கரன்ட் விழும். ஒருநாள் காலையிலிருந்து ஸ்டெல்லா மூன்று டிராயர் அடித்திருந்தாள். அதை ஃபிளாப்பியில் சேமிக்கப் போகிற நேரம் பார்த்து, தணிகாசலம் தன் சொந்த சைக்கிள் கேரியருக்கு ஒரு பற்று வைத்தான். திரை கறுத்தது; அடித்தது அத்தனையும் போயிற்று. பாவம், அவள் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்தான். ஸ்கிராப் யார்டு ஒருநாள் தள்ளிப்போனதே. ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. போய்ச் சத்தம் போட்டேன்.

"இன்னாத்துக்குக் கூவுற? அந்தப் பொண்ணு ஒரு தபா அடிச்சதத்தானே மறுபடி அடிக்கப் போவுது, புச்சாவா யோசிக்கப் போவுது?"

வந்தவர் படித்தது

அட்டைகள் எல்லாம் உள்ளே போய் முடிந்த வாரம். எங்களிடம் பாகம் வாங்கும் கம்பெனியிலிருந்து ஓர் ஆய்வாளர் வருகிறார் என்று காலையில் ஃபோன் வந்தது. பத்து மணிக்கே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. லிஸ்டில் இருப்பது ரேக்கில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆர்டரை நிறுத்திவிடுவேன் என்றார். ரங்கராஜன் என் காதருகில் வந்தார். "ஒண்ணு குறைஞ்சாலும் நீ இன்னிக்கே ஸ்கிராப் யார்டு." நாளைக்கு என்றால்கூட நான் மூச்சு விட்டிருப்பேன்.

பிரின்டர் கரகரவென்று அடித்துத் தள்ளியது. ஆய்வாளர் பேரிங்கை எண்ணச் சொன்னார். லிஸ்டில் நாற்பது, ரேக்கில் முப்பத்தெட்டு. ரங்கராஜன் உடனே, "ஸ்டோர்ஸ் பொறுப்பு இவர்தான் சார்" என்று என்னை முன்னால் தள்ளினார். ஆய்வாளர் என்னைப் பார்க்கவில்லை. காகிதத்தின் வலது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சத்தமாகப் படித்தார்: "ரெண்டு, தணிகாசலம் எடுத்தான். சீட்டு கேட்டால், நான் என்ன திருடனா என்றான். ஆமாம்."

அது நான் அட்டையின் பின்பக்கம் எழுதியது. ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தேன். "பின்பக்கமும் அடிக்கணுமான்னு ரங்கராஜன் சாரத்தான் கேட்டேண்ணே" என்று முணுமுணுத்தாள். "அட்டையில இருக்கறது ஒரு எழுத்து விடாம அடின்னாரு." என் தமிழை அப்படியே இங்கிலீஷ் எழுத்தில், குறிப்பு என்று தனி வரிசையாக அடித்திருக்கிறாள்.

ஆய்வாளர் நேராக மெயின்டனன்ஸுக்கு நடந்தார். தணிகாசலத்தின் பெட்டியில் இரண்டு பேரிங் இருந்தன. பக்கத்தில், மேஜை ஃபேன் ஆடாமல் இருக்க, அதன் அடியில் என் செருப்பும் பாதியாக வெட்டிக் கிடந்தது. அடுத்து, அளவு பார்க்கும் டயல் கேஜ் ஒன்று குறைந்தது. அவர் படித்தார்: "ஒன்று, ரங்கராஜன் சார். மச்சானிடம் காட்டிவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்றார். பொங்கலுக்கு முன் சொன்ன நாளை." அது அவருடைய டிராயரிலேயே இருந்தது. அந்த மேஜைக் காலடியில் என் பழைய லிஸ்டும் மடிந்து கிடந்தது. சாயங்காலம் வரை எண்ணினார். குறைந்த ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள், ஓர் இடம், ஒரு திட்டு. ஒன்றுகூடத் தப்பவில்லை. முனுசாமி ரிங்கில் மட்டும் நாலு பெயருக்கும் நாலு தடவை அதே பெட்டிகளை எண்ணிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு விட்டுவிட்டார்.

கிளம்பும்போது ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். கண்ணாடியைக் கழற்றி ரங்கராஜனிடம் சொன்னார்.

"உங்க லிஸ்ட்ல தப்பே இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான் சார், இந்த மனுஷனோட வயித்தெரிச்சல். அத எங்கயும் அனுப்பிடாதீங்க."

எனக்கு மட்டும் மன்னிக்கிற குணம் இருந்திருந்தால், ரிட்டையர் ஆகிறவரை நானும் அந்தச் சொறிநாயோடுதான் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.