செல்வராணியின் பத்து மார்க் கார்டு

குளத்தூர் தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செல்வராணியின் கண்ணுக்கு ஒரு நூல் கோணல்கூடத் தப்பாது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை வெட்டி வெட்டிப் பழகிய கண்.

கிரிக்கெட் கார்டு சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவளுக்குத் தனி மரியாதை. தரம் பார்த்து மார்க் போடும் கம்பெனிக்குக் கார்டை அனுப்புமுன் எல்லோரும் அவளிடம்தான் காட்டுவார்கள். படம் சரியாக நடுவில் இருக்கிறதா, மூலைகள் மழுங்கியிருக்கின்றனவா, ஓரம் வெளுத்திருக்கிறதா, மேற்பரப்பில் கீறல் உண்டா என்று பார்த்துச் சொல்வாள். யாராவது கறையைத் துடைத்தோ ஓரத்தைச் சீவியோ கொண்டுவந்தால், "இது ஏமாத்து வேலை தம்பி, அனுப்பாதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

போன வருஷம் அவளுக்கே ஒரு கார்டு வாய்த்தது. மகளிர் அணிப் பந்துவீச்சாளர் ஒருவரின் முதல் கார்டு. மூன்று நாள் லென்ஸ் வைத்துப் பார்த்தாள். "இது பத்துக்குப் பத்து. வரலேன்னா இனிமே நான் மார்க்கே சொல்லல" என்று குழுவில் சவால் விட்டாள்.

அனுப்புவதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. படமெடுப்பதற்காகக் கார்டை உறையிலிருந்து உருவி மேஜையில் வைத்துவிட்டுப் பூ வாங்கப் போனாள். திரும்பி வந்தால், கணவர் சிவபிரகாஷ் ஜெராக்ஸ் மெஷின், கத்தரிக்கோல், ஸ்டேப்ளர் என்று ஒன்று விடாமல் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார். பந்துவீச்சாளரின் நெற்றியிலும் வைத்திருந்தார். ஒரு நூல் கோணலில்லாமல், கச்சிதமாக நடுவில்.

"என்னங்க இது!"

"நாள் பூரா இதத்தான பாத்துக்கிட்டு இருக்க ராணி? இத மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?"

துடைக்கப் பஞ்சை எடுத்தவள் அப்படியே நின்றாள். கறையைத் துடைத்தது என்று எத்தனை பேருடைய கார்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்! பஞ்சை வைத்துவிட்டு, நடந்ததைக் குழுவில் எழுதிவிட்டு, பொட்டோடு அனுப்பினாள்.

மூன்று மாதம் கழித்து, கெட்டி பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்து வந்தது. நடு பத்து, மூலை பத்து, ஓரம் பத்து. மேற்பரப்பில் அடி வாங்கி, மொத்தத்துக்கு ஐந்து.

"சரிப்பா, சொன்னது சொன்னதுதான். நான் நிறுத்திக்கிறேன்" என்று குழுவில் எழுதினாள்.

"அக்கா, மூணு பத்து ஒங்க மார்க்கு. அந்த அஞ்சு மாமா வாங்குன மார்க்கு" என்று எழுதினான் திருச்சி சந்தோஷ்குமார். அடுத்த நிமிஷமே அவனுடைய கார்டு படம் வந்து விழுந்தது. "இது எவ்வளவு தேறும், பாத்துச் சொல்லுங்க."

செல்வராணி லென்ஸைத் தேடினாள்.

இந்த வருஷப் பூஜையில் சிவபிரகாஷ் சந்தனக் கிண்ணத்தோடு தள்ளியே நின்றார். அவளே பிளாஸ்டிக் பெட்டியை நீட்டினாள்.

"வாங்க, இப்ப எவ்வளவு வேணும்னாலும் வைங்க."