ஜாஸ்பர் வராத சனிக்கிழமை

எதிர்வீட்டு தெல்டா பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்க்கிறாள். ஐம்பது வயது. டிராக்டர் கவிழ்ந்து புருஷன் லாமர் செத்த வருஷம், வைக்கோல் வாங்க வழியில்லாமல் அவனுடைய குதிரை ஜாஸ்பரை சினிமாக்காரர்களுக்கு விற்றாள். எங்கள் யூட்டா செம்மண் மலைக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் குதிரையை வாடகைக்குத்தான் கேட்பார்கள். இவள் விற்றே விட்டாள். ஜாஸ்பர் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டது.

போன வருஷம் எங்கள் வீட்டு டிவியில், கௌபாய் தொடரில் அதைப் பார்த்தாள். பின்னங்கால் ஒன்று மட்டும் வெள்ளை, அதனால் சந்தேகமே இல்லை. மேலே இருந்த தடியன் கடிவாளத்தை அடிபம்பு மாதிரி இழுத்துக்கொண்டிருந்தான்.

"வாயெல்லாம் புண்ணாயிருக்கும்டி," என்றாள் தெல்டா.

அன்றிலிருந்து சனிக்கிழமை தொடர் பார்க்க எங்கள் வீட்டுக்கு வரத் தவறியதில்லை. கதை என்னவென்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஜாஸ்பரின் வாய் ஆறியிருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஆனால் அது திரும்ப வரவேயில்லை.

இந்த வாரம் பாலைவனத்தில் பெரிய துரத்தல் என்று பேப்பரில் போட்டிருந்தான். துரத்தல் என்றால் இருக்கிற குதிரை எல்லாம் வரும். தெல்டா தலைமுடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, சர்ச்சுக்குப் போடுகிற நீல கவுனில் வந்தாள்.

"குதிரையா உன்னைப் பாக்கப் போவுது?" என்றேன்.

"போடி. உன் வேலையப் பாரு."

தொடர் ஆரம்பிக்கும்போதே திருடர்கள் பிடிபட்டிருந்தார்கள். ஷெரிஃப் அவர்களை உள்ளே தள்ளிப் பூட்டினான். அவ்வளவுதான். அப்புறம் முழுக்க ஜெயில், பேச்சு, மறுபடி பேச்சு.

"நம்ம சர்ச் மீட்டிங்கே தேவல," என்றார் என் வீட்டுக்காரர் ஆர்வல். "குதிரைக்குக் குடுக்கிற காசை மிச்சம் பிடிக்கிறானுங்க."

நான் சுட்டுக் கொடுத்த பீச் பழப் பலகாரம் தெல்டாவின் மடியில் அப்படியே இருந்தது. திடீரென்று ஜெயிலுக்கு வெளியே குளம்புச் சத்தம். அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"கேளு. குதிரை."

"குதிரையாவது. ஸ்டூடியோல எவனோ கொட்டாங்கச்சியத் தட்டி அந்தச் சத்தம் பண்றான்," என்றார் ஆர்வல்.

"நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க," என்றேன்.

"அந்த ஜன்னலத் தெறந்து ஒரு தடவ எட்டிப் பாத்தா என்ன அந்த ஷெரிஃபுக்கு?" என்றாள் தெல்டா.

ஷெரிஃப் எழுந்தான். ஜன்னல் வரைக்கும் போனான். வெளியே பார்த்தான். நமக்குக் காட்டியது அவன் முதுகைத்தான். கழுதை, அகலமான முதுகு வேறு. சத்தம் தேய்ந்து போயிற்று. பெயர்கள் ஓடின, பின்னாலேயே சோப்பு விளம்பரம்.

பலகாரத்தில் இன்னொரு துண்டு வெட்டினேன்.

"சரி," என்றாள் அவள். "இந்த வாரம் ஜாஸ்பர் வாயை யாரும் இழுக்கல. எங்கயோ நிழல்ல நின்னு தின்னுட்டிருந்திருப்பான்."

சொன்னாளே தவிர, எழுந்திருக்கவில்லை. சோப்பு விளம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிவியை அணைக்கப் போன ஆர்வலின் கையைத் தட்டிவிட்டேன்.